ஏழு சபை, ஏழு நிருபம்: துருக்கி டைரி

நாள் 1: எபேசு

காலைல இஸ்மீர் ஏர்போர்ட்ல இறங்கி, அப்படியே ட்ரெயின் புடிச்சு செல்சுக் வந்து, ஹோட்டல்ல பைய போட்டுட்டு தூங்காம எபேசு போயிட்டு இப்பதான் திரும்பினோம். கால் ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது, ஆனா இன்னிக்கே எழுதலன்னா பாதி மறந்துரும். நான், அண்ணன், மைனி மூணு பேரு. பைபிளோட கடைசி புத்தகம் வெளிப்படுத்தின விசேஷம், அதுல 2, 3 அதிகாரத்துல ஆண்டவர் யோவான் மூலமா ஆளுக்கொரு நிருபம், அதாவது லெட்டர், அனுப்பின ஏழு சபை இருந்த ஏழு ஊரையும் அதே வரிசைல பாக்கணும்னு ரொம்ப வருஷத்து ஜெபம்.

ஏன் வந்தோம்னு சொல்லிடுறேன். எங்க சர்ச்ல ஓய்வுநாள் பள்ளி ரூம் சுவத்துல ஒரு சார்ட் தொங்கும். ஏழு சபையும் ஏழு காலம்னு. எபேசு அப்போஸ்தலர் காலம், சிமிர்னா 313 வரைக்கும் உள்ள உபத்திரவ காலம், பெர்கமு சபையும் அரசாங்கமும் கைகோத்த காலம், தியத்தீரா இருண்ட காலம், சர்தை 1517க்கு அப்புறம் சீர்திருத்தம், பிலதெல்பியா மிஷனரி காலம், லவோதிக்கேயா இப்ப நாம இருக்கிற கடைசி காலம். இந்த சார்ட்ட போஸ்டர் பெயிண்ட்ல வரஞ்சது எங்க அண்ணன். 30 வருஷமா அத வச்சுதான் அவங்க பாடம் நடத்தினாங்க, அப்புறம் நான் நடத்துறேன். போன வருஷம் ஏழாங்கிளாஸ் படிக்கிற ஒரு புள்ள எந்திரிச்சு கேட்டா, "டீச்சர், லவோதிக்கேயா ஊர்ல அன்னிக்கு இருந்தவங்க இந்த லெட்டர வாசிச்சு என்ன நினைச்சிருப்பாங்க, இது நமக்கு இல்ல 2000 வருஷம் கழிச்சு வர்றவங்களுக்குன்னு மடிச்சு வச்சிருப்பாங்களா?" எனக்கு பதில் வரல. அன்னிக்கு ராத்திரி அண்ணனுக்கு போன் பண்ணேன், அவங்களும் கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அங்கதான் இந்த பயணம் ஆரம்பிச்சது.

எபேசு பெரிசு. போட்டோல பாக்குறதுக்கும் நேர்ல நிக்கிறதுக்கும் சம்பந்தமே இல்ல. மேல் கேட்ல நுழைஞ்சு சரிவுல இறங்கினா மார்பிள் ரோடு, ரெண்டு பக்கமும் தூண், கீழ செல்சஸ் லைப்ரரி, அதத் தாண்டி தியேட்டர். 25,000 பேர் உட்காரலாம்னு சொல்றாங்க. அப்போஸ்தலர் 19ல தெமேத்திரியுங்கிற தட்டான் கலகம் கிளப்பி ஊரே இங்க திரண்டு ரெண்டு மணி நேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்"னு கத்தினாங்களே, அதே இடம். மேல் படில உட்காந்து அண்ணன் அந்த அதிகாரத்த சத்தமா வாசிச்சாங்க. கீழ நடு மேடைல நின்னு யாரோ பேசினது எங்களுக்கு அப்படியே கேட்டுச்சு.

அந்த தியானாள்ங்கிற தேவியோட கோயில், ஏழு உலக அதிசயத்துல ஒண்ணு, செல்சுக் ஊர் ஓரத்துல இருக்கு. இருக்குன்னு சொல்றது தப்பு. 127 தூண் இருந்துச்சுன்னு பழைய ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கார், இப்ப உடைஞ்ச துண்டுகள அடுக்கி நிமித்தின ஒரே ஒரு தூண் சதுப்பு நிலத்துல நிக்குது. அது உச்சில செங்கால் நாரை கூடு, செப்டம்பர்ங்கறதால நாரை கிளம்பி போயிருச்சு, கூடு மட்டும் இருக்கு. 1869 வரைக்கும் இது எங்க இருந்துச்சுன்னே யாருக்கும் தெரியாது, மண்ணுக்குள்ள அவ்ளோ ஆழத்துல போயிருந்துச்சு.

தியேட்டர்லருந்து நேரா மேற்கே ஒரு அகலமான ரோடு போகுது, துறைமுக வீதி. அந்த ரோடு முடியுற இடத்துல கடல் இருக்கணும். இல்ல, நாணல் காடுதான் இருக்கு. ஆத்து வண்டல் வந்து வந்து துறைமுகத்த மூடி, இப்ப கடல் 5 கிலோமீட்டருக்கு மேல தள்ளி கிடக்கு. ஆதி அன்ப விட்டுட்ட, மனந்திரும்பலன்னா விளக்குத்தண்ட எடுத்துடுவேன்னு எபேசு நிருபத்துல வரும். அண்ணன் அங்க நின்னு, "உன் விளக்குத்தண்டை அதனிடத்தினின்று நீக்கிவிடுவேன், பாத்தியா ஏளா, அப்படியே நிறைவேறிருச்சு"ன்னாங்க. எனக்கும் உடம்பு சிலிர்த்துச்சு. ஆனா கொஞ்சம் தள்ளி நடந்தா மரியாள் சர்ச் இடிபாடு, கி.பி. 431ல சபைத் தலைவர்களோட மூணாவது பொதுச் சங்கம் கூடின இடம். அதாவது யோவானுக்கு இந்த வெளிப்பாடு வந்து 300 வருஷத்துக்கு மேல ஆன பின்னாடியும் இங்க விளக்கு எரிஞ்சிருக்கு, இயேசு யாருங்கிற கேள்விக்கு உலகமே இந்த ஊருக்கு வந்து உட்காந்து பேசிருக்கு. அப்போ அவங்க மனந்திரும்பினாங்களோ? ஆதி அன்பு திரும்பி வந்துச்சோ? வண்டல் மூடினத மட்டும் பாத்து தீர்ப்புன்னு சொல்லிட்டா அந்த 300 வருஷத்த என்ன செய்றது. இத அண்ணன்ட்ட சொன்னேன், தலையாட்டினாங்க, ஒத்துக்கிட்டாங்களான்னு தெரியல.

சாயங்காலம் குன்று மேல யோவான் சர்ச். ஆறாம் நூற்றாண்டுல ஜஸ்டினியன் ராஜா கட்டினது, நடுவுல நாலு தூணுக்கு மத்தில ஒரு மார்பிள் பலகை, அதுக்கு கீழதான் யோவானை அடக்கம் பண்ணாங்கங்கிறது ரொம்ப பழைய பாரம்பரியம். மைனி அங்க முழங்கால் போட்டுட்டாங்க, ரொம்ப நேரம் எந்திரிக்கல.

நாள் 2: சிமிர்னா

இன்னிக்கு பேரு இஸ்மீர். இது இடிபாடு இல்ல, பெரிய சிட்டி. ட்ராம் ஓடுது, கடற்கரைல ஆளுக நடக்குறாங்க, தெரு முக்குல எள்ளு ஒட்டின வட்ட ரொட்டி விக்கிறாங்க, கெவ்ரெக்னு பேரு, காலைல அதும் டீயும்தான்.

பழைய அகோரா, அதாவது அந்தக் காலத்து சந்தைவெளி, ஊர் நடுவுல இருக்கு. 178ல பூகம்பத்துல விழுந்தத ரோம ராஜா மார்க்கஸ் அரேலியஸ் காசு குடுத்து திரும்ப கட்டினார். கீழ்தளத்துல வரிசையா ஆர்ச், ஒரு பக்கம் வாய்க்கால்ல இன்னிக்கும் தண்ணி ஓடுற சத்தம். சிமிர்னாங்கிறது வெள்ளைப்போளத்துக்கு கிரேக்க வார்த்தை. சாஸ்திரிகள் குழந்தை இயேசுவுக்கு கொண்டு வந்தது அது, நிக்கொதேமு அவரோட அடக்கத்துக்கு கொண்டு வந்ததும் அது. "மரித்திருந்து பிழைத்தவருமானவர்"னு ஆண்டவர் தன்ன சொல்லிக்கிறது இந்த ஊருக்கு எழுதின நிருபத்துலதான். இந்த ஊரும் சர்தைலருந்து ஆண்ட லீதிய ராஜாக்கள் அழிச்சு, ரொம்ப காலம் ஊருன்னு சொல்ல முடியாம கிடந்து, அலெக்சாண்டர் காலத்துக்கு அப்புறம் திரும்ப எழும்பின ஊரு. கேட்டவங்களுக்கு சட்டுனு உரச்சிருக்கும்.

போலிகார்ப் பத்தி எழுதாம இந்த ஊர கடக்க முடியாது. யோவான்ட்ட நேரடியா கேட்டு வளந்தவர், இந்த ஊர் பிஷப். கி.பி. 155 வாக்குல ஸ்டேடியத்துல நிறுத்தி, கிறிஸ்துவ சபிச்சுட்டா விட்டுடுறேன்னு ரோம அதிகாரி சொல்றார். 86 வருஷம் அவருக்கு ஊழியம் பண்ணிருக்கேன், எனக்கு ஒரு தீங்கும் அவர் செய்யல, என்னை இரட்சிச்ச ராஜாவ நான் எப்படி தூஷிப்பேன்னு கேட்டாராம். அதுக்கப்புறம் நெருப்பு. மரணபரியந்தம் உண்மையாயிருன்னு எழுதின நிருபம் சபைல வாசிக்கப்பட்டப்போ அவர் இருபத்தஞ்சு முப்பது வயசுக்காரரா கூட்டத்துல உட்காந்திருக்கலாம், கணக்கு சரியா வருது. அப்போ கேட்டத 60 வருஷம் சுமந்துட்டு இருந்திருக்கார். "பத்துநாள் உபத்திரவப்படுவீர்கள்"ங்கறத 303லருந்து 313 வரைக்கும் ரோம ராஜா டயோக்ளீஷியன் ஆரம்பிச்சு வச்ச உபத்திரவம்னு எங்க சார்ட்ல போட்டிருக்கு. எனக்கு இப்ப அது மனசுக்கு ஒட்டல. ஜெயில்ல கிடக்குறவனுக்கு பத்து நாள்னா என்ன அர்த்தம்? எண்ணி முடிக்கிற நாளு, முடிவு உள்ள நாளு. அத கொண்டு போயி 200 வருஷத்துக்கு அப்புறம் வச்சிட்டா அவனுக்கு என்ன ஆறுதல் மிஞ்சும்.

போலிகார்ப் பேர்ல ஒரு கத்தோலிக்க சர்ச் இருக்கு, 17ஆம் நூற்றாண்டுல கட்டினது. நாங்க போன நேரம் பூட்டிருந்துச்சு. கேட்டுக்கு வெளிய நின்னு ஜெபிச்சோம்.

ராத்திரி கடற்கரைல உட்காந்து அண்ணன் இன்னொரு விஷயம் சொன்னாங்க. எல்லா கன்வென்ஷன் மேடைலயும் நான் கேட்டது. ஏழுல ரெண்டு சபைக்குத்தான் கடிந்துகொள்ளுதல் இல்ல, சிமிர்னா, பிலதெல்பியா, அதனால அந்த ரெண்டு ஊர் மட்டும் இன்னிக்கும் உயிரோட இருக்கு, மத்ததெல்லாம் மண்ணுன்னு. கேக்க நல்லா இருக்கு, ஆனா தியத்தீரா இருந்த இடத்துல அக்கிசார்னு கடையும் பஸ்ஸுமா ஊர் இருக்கே, பெர்கமு பேர்லயே பெர்காமா இருக்கே. அதுமட்டுமில்ல, 1922 செப்டம்பர்ல இதே கடற்கரைல ஊர் பத்தி எரிஞ்சது, கிரேக்கரும் அர்மேனியருமா ஆயிரக்கணக்குல கிறிஸ்தவங்க முன்னால கடல் பின்னால நெருப்புன்னு நின்னாங்க, அடுத்த வருஷம் ஒப்பந்தம் போட்டு மிச்சம் இருந்த கிரேக்க கிறிஸ்தவங்களயும் கிரீஸுக்கு அனுப்பிட்டாங்க. குறையே சொல்லாத சபை இருந்த ஊருதான் இது. அப்போ ஆண்டவர் வாக்கு பொய்யா? இல்லவே இல்ல. அவர் ஊருக்கு ஆயுசு தர்றேன்னு எங்கயும் சொல்லல, ஜீவகிரீடம் தர்றேன்னார். நாமதான் கல்லு நிக்குதா விழுந்துச்சான்னு பாத்து மார்க் போடுறோம். இத சொல்லும்போது எனக்கு தொண்டை அடச்சிருச்சு.

நாள் 3: பெர்கமு

டிரைவரோட ஒரு கார் ஏற்பாடு பண்ணிட்டோம். இஸ்மீர்லருந்து வடக்க 100 கிலோமீட்டருக்கு மேல. ரோப் கார்ல மேல ஏறினா அக்ரோபொலிஸ், மலை மேல இருந்த பழைய கோட்டை ஊரு. மலைச் சரிவுல தியேட்டர், கீழ பாத்தா தலை சுத்துற அளவுக்கு செங்குத்து, மைனி மேல் படியோட நின்னுட்டாங்க.

அதுக்கு கொஞ்சம் கீழ ஒரு கல் மேடை, ரெண்டு மூணு மரம் வளந்து நிழல் குடுத்துட்டு நிக்குது. அவ்ளோதான் கிரேக்க சாமி சேயுஸோட பலிபீடம். பெர்கமு நிருபத்துல வர்ற "சாத்தானுடைய சிங்காசனம்" இதுதான்னு நிறைய பேர் சொல்றாங்க. 1878ல கார்ல் ஹூமன்ங்கிற ஜெர்மன் இஞ்சினியர் தோண்ட ஆரம்பிச்சு சிற்பங்கள பெர்லினுக்கு கொண்டு போயி, 1930ல அதுக்குன்னே மியூசியம் திறந்தாங்க. அண்ணன் உடனே, "சிங்காசனம் பெர்லினுக்கு போச்சு, மூணே வருஷத்துல ஹிட்லர் வந்தான்"ன்னாங்க. வீடியோல எல்லாம் சுத்துற பேச்சுதான். எனக்கு இதுல உடன்பாடில்ல. பிசாசு மார்பிளோட கப்பலேறி போவான்னா மார்பிள உடைச்சா போதுமே. சேயுஸ் பலிபீடமா இருக்கலாம், கீழ பாம்ப வச்சு வைத்தியம் பண்ண அஸ்க்லேப்பியன் கோயிலா இருக்கலாம், எனக்கு என்னமோ ராஜாவ கும்பிடுற கோயிலுதான்னு படுது. ஆசியா மாகாணத்துலயே முதல்ல கி.மு. 29ல ரோம ராஜா அகஸ்துவுக்கு கோயில் கட்ட பெர்மிஷன் வாங்கின ஊரு இது. ராஜாதான் ஆண்டவர்னு ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டா பொழச்சுக்கலாம், போடலன்னா அந்திப்பா மாதிரி சாகணும். அந்திப்பா பத்தி வேதத்துல ஒரே வசனம். என்ன வேல பாத்தார், புள்ளக்குட்டி இருந்துச்சா, ஒண்ணும் தெரியாது. "எனக்கு உண்மையுள்ள சாட்சி"ன்னு ஆண்டவரே சொல்லிட்டார், அது போதும்.

ஒண்ணு கவனிச்சேன். இந்த மலைல கட்டிடமெல்லாம் கருத்த கல்லு, பேர் பொறிக்கணும்னா மட்டும் வெள்ளை மார்பிள் வாங்கி பொறிச்சிருக்காங்க. "வெண்மையான குறிகல்லும், அதுல எழுதப்பட்ட புதிய நாமமும்" தர்றேன்னு நிருபத்துல வர்றதுக்கு வேற விளக்கமும் சொல்றாங்க. ஆனா கருப்பு மலைல அங்கங்க ஒரு வெள்ளைக் கல்ல பாத்தப்போ இது ஏன் இந்த ஊருக்கு சொல்லப்பட்டதுன்னு எனக்கு புரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

நாள் 4: தியத்தீரா, சர்தை

தியத்தீரா அரை மணி நேரம்தான். அக்கிசார் ஊர் நடுவுல வேலி போட்ட ஒரு சின்ன இடம், சுத்தி அப்பார்ட்மெண்ட், கடை. இது தொழிலாளி ஊரு. சாயம் போடுறவங்க, வெண்கல வேலைக்காரங்க, ரொட்டி சுடுறவங்கன்னு ஒவ்வொரு தொழிலுக்கும் சங்கம் இருந்ததுக்கு கல்வெட்டே கிடச்சிருக்கு. பிலிப்பி ஊர்ல பவுல்ட்ட வசனம் கேட்ட, இரத்தாம்பரம்ங்கிற சாயத்துணி விக்கிற லீதியாள் இந்த ஊர்க்காரி. வெண்கல வேலைக்காரங்க ஊருக்குத்தான் "பிரகாசமான வெண்கலம்போன்ற பாதங்களுமுள்ள" தேவகுமாரன்னு எழுதறார். சங்கத்துல இருக்கணும்னா சங்க விருந்துல விக்கிரகத்துக்கு படைச்சத சாப்பிடணும், இல்லன்னா வேலை கிடைக்காது, இதுதான் அவங்க கஷ்டம். அண்ணன் 22 வயசுல ஒரு லேத் பட்டறைல வேல பாத்தப்போ ஆயுத பூஜைக்கு என்ன செய்றதுன்னு தெரியாம அழுதுட்டு வீட்டுக்கு வந்தது எனக்கு ஞாபகம் இருக்கு, நான் அப்ப சின்னப் புள்ள. வேலிக்கு வெளிய நின்னு அவங்களே அத மெதுவா சொன்னாங்க. "அப்ப இந்த நிருபத்த நான் இருண்ட காலத்துக்குன்னுதான் படிச்சேன், எனக்குன்னு படிக்கல."

அதுக்கப்புறம் கார்ல யாரும் பேசல.

சர்தை பத்தி நிறைய எழுதணும். சாலிக்லி பக்கத்துல சார்ட்ங்கிற சின்ன ஊர். தெற்க போஸ் மலை, அதுலருந்து இறங்குற ஒரு ஓடை, அதான் பழைய பக்தோலு. அதுல தங்கப்பொடி வந்துச்சு, அத வச்சுத்தான் லீதிய ராஜாக்கள் பணக்காரங்க ஆனாங்க, உலகத்துலயே முதல் காசு அடிச்சவங்கள்ல இவங்க உண்டு. தங்கத்தையும் வெள்ளியையும் பிரிச்செடுத்த பட்டறையே ஓடைக்கரைல தோண்டி எடுத்திருக்காங்க. கடைசி ராஜா குரோசஸ். பெர்சியால கோரேசு, அதாவது சைரஸ், எழும்புறான்னதும் சண்டைக்கு போகலாமான்னு கிரீஸ்ல டெல்பி கோயில்ல குறி கேட்டான். நீ ஆத்த தாண்டி போனா ஒரு பெரிய ராஜ்யம் அழியும்னு பதில் வந்துச்சு. அவன் சந்தோஷமா தாண்டினான். அழிஞ்சது அவன் ராஜ்யம்.

கோட்டை இருந்த மலைய கீழருந்து அண்ணாந்து பாத்தோம். மண் மலை, கத்திய நிமித்தி வச்ச மாதிரி செங்குத்து. ஏறவே முடியாதுன்னு நெனச்சு ஒரு பக்கம் காவலே போடல. ஒரு லீதிய சிப்பாயோட தலைக்கவசம் உருண்டு கீழ விழுந்துச்சு, அவன் இறங்கி எடுத்துட்டு ஏறினத கோரேசு படைல ஒருத்தன் பாத்துட்டான், மறுநாள் அதே வழில ஏறிட்டாங்க. இது கிரேக்க சரித்திரக்காரர் ஹெரோதோத்தஸ் எழுதினது, கி.மு. 546 வாக்குல நடந்தது. 330 வருஷம் கழிச்சு மூணாம் அந்தியோகு ராஜா முற்றுகை போட்டப்போ மதில்ல ஒரு இடத்துல கழுகுங்க பயமில்லாம வந்து உட்கார்றத பாத்து அங்க ஆள் இல்லன்னு கண்டுபுடிச்சு ஏறினாங்க. ஒரே ஊரு, ஒரே தப்பு, ரெண்டு தடவ. இந்த ஊருக்குத்தான் "நீ விழித்திராவிட்டால், திருடனைப்போல் உன்மேல் வருவேன்"னு நிருபம் வருது. வாசிச்சவன் சபைல ஒரு நிமிஷம் நிறுத்தியிருப்பான், எல்லாரும் ஜன்னல் வழியா அந்த மலைய பாத்திருப்பாங்க. எனக்கு அப்படித்தான் தோணுது.

இந்த ஊர்லயும் ஒரு தியானாள் கோயில் இருக்கு, அதுல ரெண்டு தூண் மட்டும் முழு உயரத்துல நிக்குது, மூலைல ஒட்டினாப்ல ஒரு குட்டி சர்ச் செங்கல் சுவரோட. அந்த நிழல்ல உட்காந்து அண்ணன் ஏசாயா 45 எடுத்தாங்க. கோரேசுங்கிற பேர் சொல்லி, அபிஷேகம்பண்ணப்பட்டவன்னு சொல்லி, "அந்தகாரத்தில் இருக்கிற பொக்கிஷங்களையும், ஒளிப்பிடத்தில் இருக்கிற புதையல்களையும்" உனக்கு தர்றேன்னு வரும் பாருங்க. பழைய வியாக்கியானக்காரங்க சிலர் அது குரோசஸோட தங்கம்னே எழுதிருக்காங்க. அந்தத் தங்கம் இருந்த ஊர்ல உட்காந்து அத கேட்டேன். இங்கருந்து போன கோரேசுதான் கி.மு. 539ல பாபிலோன புடிச்சு யூதர்கள எருசலேமுக்கு திரும்ப விட்டான். 1879ல பாபிலோன்ல கிடச்ச, கோரேசு பேர்ல எழுதின களிமண் உருளைல யூதர் பேர் இல்ல, ஆனா சிறைப்பட்டு வந்த ஜனங்கள அவங்கவங்க இடத்துக்கு அனுப்பி கோயில்கள சரி பண்ண விட்டேன்னு அவனே சொல்லிக்கிறான், எஸ்றா முதல் அதிகாரத்தோட ஒத்துப்போகுது.

ஏசாயா 40க்கு மேல உள்ளது, யூதர்கள் பாபிலோன்ல சிறைப்பட்டிருந்த காலத்துல இன்னொருத்தர் எழுதினதுன்னு வேத அறிஞர்கள் நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அது தெரியும், மறைக்கல. நான் ஏசாயாவே முன்னறிவிச்சார்னு விசுவாசிக்கிறவ, ஏன்னா ஆரம்பத்திலேயே முடிவ சொல்றவர்னு அதே புத்தகம் ஆண்டவர பத்தி சொல்லுது. டெல்பி சொன்னது எந்தப் பக்கம் விழுந்தாலும் பொருந்துற வார்த்தை. ஏசாயா சொன்னது பேரோட இருக்கு, யாருக்காக எதுக்காகன்னு இருக்கு. ஆனா ஒரு விஷயம் என்ன குத்துது, குரோசஸ் பண்ண தப்பு குறி கேட்டது மட்டும் இல்ல, தனக்கு சாதகமா அர்த்தம் பண்ணிட்டு அதுக்கு மேல ஒரு கேள்வி கேக்காம கிளம்பினதும்தான். தீர்க்கதரிசனத்த கைல வச்சிருக்கிற நாங்களும் அத செய்றோம்.

பக்கத்துலயே பெரிய யூத ஜெபாலயம், 1962ல கண்டுபுடிச்சது, ஆயிரம் பேர் கொள்ளும், தரை முழுக்க மொசைக். நேரம் இல்ல, ஓட்டமா பாத்துட்டு வந்தோம், வருத்தம்தான்.

நாள் 5: பிலதெல்பியா

இன்னிக்கு பேரு அலாசெகிர். வழி நெடுக திராட்சை, ரோட்டோரத்துல விரிச்சு காயப் போட்டிருக்காங்க, ஊரே அந்த வாசம். ஒரு வயசான அம்மா ரெண்டு கை நிறைய அள்ளி மைனி துப்பட்டால போட்டாங்க, காசு குடுத்தா வாங்கல.

ஊருக்கு நடுவுல யோவான் சர்ச் தூண்கள், யானை மாதிரி பெரிய பெரிய தூண், மேல கூரை இல்ல, சுவர் இல்ல, தூண் மட்டும். கி.பி. 17ல பூகம்பம் வந்து, அதுக்கப்புறமும் அடிக்கடி அதிர்ந்துட்டே இருந்ததால சுவர் வெடிக்கும்னு பயந்து ஜனங்க நிறைய பேர் ஊருக்கு வெளிய வயக்காட்டுல குடியிருந்தாங்கன்னு அந்தக் காலத்து புவியியல் எழுத்தாளர் ஸ்திராபோ எழுதறார். ஓடி ஓடி வெளிய போன ஜனத்துக்கு "என் தேவனுடைய ஆலயத்திலே தூணாக்குவேன், அதினின்று அவன் ஒருக்காலும் நீங்குவதில்லை"ன்னு சொல்றார். இனிமே நீ வெளிய ஓட வேண்டாம். நான் அந்த தூண கட்டிப் புடிச்சு நின்னுட்டேன், கை பாதிகூட எட்டல.

பிலதெல்பியான்னா சகோதர சிநேகம். அண்ணன் மேல அவ்ளோ விசுவாசமா இருந்த இரண்டாம் அத்தாலு ராஜாவோட பட்டப்பேரு அது. எங்க அப்பா இறந்தப்போ எனக்கு 14 வயசு, என்ன படிக்க வச்சது, வேதம் சொல்லிக் குடுத்தது எல்லாம் அண்ணன்தான். அவங்க வரஞ்ச சார்ட்ட நான் கேள்வி கேக்குறது அவங்கள கேள்வி கேக்குற மாதிரி ஆயிருமோன்னு இந்த அஞ்சு நாளும் எனக்குள்ள ஒரு பயம். டீ குடிச்சிட்டு இருந்தப்போ கேட்டேன், "அண்ணே, நீங்க சங்கடப்படுறீங்களா?" அவங்க வேதத்த திறந்து எங்கிட்ட நீட்டினாங்க. "இத வாசி. ஏழு நிருபத்துலயும் கடைசில இது வருது." ஆவியானவர் சபைகளுக்குச் சொல்லுகிறதைக் காதுள்ளவன் கேட்கக்கடவன். "சபைக்குன்னு இல்ல ஏளா, சபைகளுக்குன்னு இருக்கு. 30 வருஷமா வாசிக்கிறேன், நேத்து ராத்திரிதான் கண்ணுல பட்டுச்சு. எபேசுக்கு எழுதினத லவோதிக்கேயாக்காரனும் கேக்கணும், சர்தைக்கு எழுதினத எல்லாரும் கேக்கணும். நான்தான் ஒவ்வொரு காலத்துக்கு ஒண்ணுன்னு பங்கு வச்சு குடுத்துட்டேன்." எனக்கு கண்ணு நிறைஞ்சிருச்சு. சார்ட் தப்புன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன், சபை சரித்திரத்த பாத்தா அந்த வரிசை தெரியத்தான் செய்யுது. ஆனா கேக்குற காது ஒருத்தனோட காது. கேக்கக்கடவன், ஜெயங்கொள்ளுகிறவன் எவனோ, எல்லாம் ஒருமைதான்.

நாள் 6: லவோதிக்கேயா

தெனிசிலி பக்கத்துல. ஒரு பக்கம் பாமுக்கலே வெள்ளை மலை பஞ்சு விரிச்ச மாதிரி தெரியுது, அதுதான் எராப்போலி, அப்போஸ்தலன் பிலிப்புவோட கல்லறைன்னு 2011ல ஒண்ணு கண்டுபுடிச்சாங்களே அந்த இடம். அங்க வெந்நீர் ஊத்து, வியாதிக்காரங்க போயி குளிப்பாங்க. இன்னொரு பக்கம் மலையடிவாரத்துல கொலோசே, அங்க குளிர்ந்த தண்ணி. நடுவுல இருக்கிற லவோதிக்கேயாவுக்கு சொந்தமா நல்ல தண்ணி இல்ல, தெற்கருந்து குழாய் வழியா கொண்டு வந்தாங்க. அந்தக் குழாய்த் துண்டுகள் இப்பவும் கிடக்கு. கல்ல குடைஞ்சது, உள்ள பாத்தா சுண்ணாம்பு படிஞ்சு படிஞ்சு ஓட்டை சுருங்கி போயிருக்கு, நம்ம வீட்டு கெய்சர் பைப்புல படியுமே அதே மாதிரி ஆனா அதவிட மொத்தமா. விரல விட்டு பாத்தேன், கரகரன்னு இருந்துச்சு.

"நீ குளிராயாவது அனலாயாவது இருந்தால் நலமாயிருக்கும்." சின்ன வயசுலருந்து கேட்ட பிரசங்கம், அனல்னா வைராக்கியம், குளிர்னா பின்மாற்றம், விசுவாசத்துலருந்து பின்வாங்குறது. ஆனா ஆண்டவர் யாரயாவது பின்மாறிப் போன்னு விரும்புவாரா? இங்க நின்னா சிக்கல் இல்ல. அனல் தண்ணி சுகமாக்கும், குளிர்ந்த தண்ணி தாகம் தீக்கும், ரெண்டுமே நல்லது. குழாய்ல வந்த வெதுவெதுப்பு தண்ணி ரெண்டுக்கும் உதவாது, வாய்ல வச்சா துப்பத்தான் தோணும். யாருக்கும் பிரயோஜனம் இல்லாம இருக்கிறததான் வாந்திபண்ணிப்போடுவேன்னு சொல்றார்.

பணக்கார ஊரு. கி.பி. 60ல பூகம்பம் வந்தப்போ ரோம்லருந்து ஒரு உதவியும் வாங்காம தன் காசுலயே கட்டிக்கிச்சுன்னு ரோம சரித்திரக்காரர் தாசித்து எழுதியிருக்கார். "எனக்கு ஒரு குறைவுமில்லை"ங்கிறது அந்த ஊர் பெருமையா பேசின பேச்சு. கறுப்பு ஆட்டு ரோமத்துக்கு பேர் போன ஊருக்கு வெண்வஸ்திரம் வாங்கிக்கோன்னும், வைத்தியத்துக்கு பேர் போன பக்கத்துக்கு கண்ணுக்கு கலிக்கம் போடுன்னும் எழுதறார். ஒவ்வொரு வார்த்தையும் இந்த மண்ணுல கால் ஊனி நிக்குது.

2010ல இங்க நாலாம் நூற்றாண்டு சர்ச் ஒண்ண கண்டுபுடிச்சாங்க. மேல கூரை போட்டு, கண்ணாடி நடைபாதை வச்சிருக்காங்க, காலுக்கு கீழ மொசைக் தெரியுது, ஞானஸ்நான தொட்டி அப்படியே இருக்கு. ரெண்டு பக்கமும் படி, ஒரு பக்கம் இறங்கி மறு பக்கம் ஏறணும். அதுக்கு முன்னாடி நின்னப்போ அந்த ஏழாங்கிளாஸ் புள்ளைக்கு பதில் கிடச்சது. அவங்க மடிச்சு வைக்கல. வாந்திபண்ணிப்போடுவேன்னு கேட்ட சபை 250 வருஷத்துக்கு அப்புறமும் ஜனங்கள தண்ணிக்குள்ள இறக்கி ஏத்திட்டு இருந்திருக்கு. வாசற்படில நின்னு தட்டுறேன்னு ஆண்டவர் இந்த நிருபத்துல சொல்வாரே, அந்த சத்தத்த யாரோ கேட்டு திறந்திருக்காங்க.

நாள் 7: கொலோசே

ஏழுல இது இல்ல, ஆனா பக்கத்துல வந்துட்டு விட மனசில்ல. ஒரு புல்லு மேடு, அவ்ளோதான், டிக்கெட் கவுண்டர் கிடையாது, ஆளும் இல்ல. கீழ ஓடை. செருப்ப கழட்டிட்டு இறங்கினோம், செப்டம்பர் வெயிலுக்கு தண்ணி சில்லுனு எலும்பு வரைக்கும் போச்சு. இந்த ஆறு நாளும் அதிகம் பேசாத மைனி தண்ணிக்குள்ள நின்னுட்டே கொலோசெயர் 4:16 எடுத்து வாசிச்சாங்க, இந்த நிருபத்த நீங்க வாசிச்ச பிறகு லவோதிக்கேயா சபைலயும் வாசிக்க வையுங்கன்னு பவுல் எழுதினது. வாசிச்சிட்டு, "அப்பமே மாத்தி மாத்தித்தான வாசிச்சிருக்காங்க"ன்னாங்க.

அண்ணன் கரைல உட்காந்து ஒரு பேப்பர்ல ஏதோ வரஞ்சுட்டு இருந்தாங்க. எட்டிப் பாத்தேன். ஏழு ஊரு, வட்டமா ஒரு ரோடு, ஒவ்வொரு ஊரு பக்கத்துலயும் சின்னதா ஒரு படம். எபேசுக்கு நாரைக்கூடு, சர்தைக்கு மலை, லவோதிக்கேயாவுக்கு அடைஞ்ச குழாய். ஏழு ஊர்லருந்தும் அம்புக்குறி மத்த ஆறு ஊருக்கும் போகுது, ஒரே கோடா பின்னிப்போயி கெடந்துச்சு.

"பெரிய சார்ட் பேப்பர்ல போட்டாதான் புரியும்"னாங்க.